கீழ் வரியில் கேட்ட வாங்கு

நான் பிடித்த முதல் முழு நோன்பு மத்தியானம் ஒரு மணிக்கு முடிந்தது. சிரிக்கவேண்டாம். மஃரிப் வாங்கை, அதாவது அந்திநேரத் தொழுகை அழைப்பை, காதால் கேட்டு, துஆ ஓதி, முறைப்படி திறந்த நோன்பு அது. வழக்கு என்று வந்தால் இன்றைக்கும் நான் வாதாடத் தயார்.

குற்றவாளி எங்கள் வீட்டுக் கொம்பியூட்டர். அதைவிடப் பெரிய குற்றவாளி நானா, என் மூத்த சகோதரர். தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்த கையோடு, வீட்டிலிருந்த விண்டோஸ் போதாதென்று அதற்குப் பக்கத்திலேயே லினக்ஸையும் குடியேற்றிவிட்டார். அன்றிலிருந்து கொம்பியூட்டரைப் போட்டால் கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வரும். சும்மா விட்டால் மேல் வரியிலுள்ள விண்டோஸ் திறக்கும், அது எங்களுக்கு. அம்புக்குறியை ஒருமுறை கீழே தட்டினால் நானாவின் வரி. அதைத் தொட்டால் விரலை முறித்துவிடுவதாக எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

அந்த வருடம் நோன்பு கச்சான் காற்றுக் காலத்தில் வந்தது. திருகோணமலையில் கச்சான் வீசத் தொடங்கினால் புழுதியும் வெக்கையும் வீட்டுக்குள் வந்து கதிரை போட்டு இருந்துவிடும். பள்ளிவாசல் வாங்கை அந்தக் காற்று அப்படியே துறைமுகத்துப் பக்கம் அள்ளிக்கொண்டு போய்விடும். கப்பல்காரர்களுக்குக் கேட்கும், எங்களுக்குக் கேட்காது. அதனால் நோன்புக்கு முன்பே நானா இரண்டு வரிகளிலும் வாங்கு சொல்லும் செயலி ஒன்றைப் போட்டுவைத்தார். வீட்டில் அவருக்குப் பெரிய மரியாதை, ஒரே ஒரு நாளைக்கு.

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்திலேயே லுஹர் வாங்கு கேட்டது. உச்சிப்பொழுதில் சொல்லவேண்டிய வாங்கு! நானா முதல்நாள் தன்னுடைய வரியில் வேலை செய்துவிட்டு அப்படியே விட்டுப் படுத்திருந்தார். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்யும் வாப்பா, சேட்டுப் பொத்தானைப் பூட்டியபடி வந்து கொம்பியூட்டரைப் பார்த்தார். பிறகு நானாவைப் பார்த்தார். நோன்பு தொடங்குவதற்குள் இதைத் திருத்தாவிட்டால் பெட்டியோடு கடலில் போடுவேன் என்றார்.

நானா பெட்டியைக் கழற்றி, சில்லறைக் காசளவு இருந்த பற்றரியை மாற்றினார். பிழை போகவில்லை. கீழ் வரியில் நேரத்தைச் சரிசெய்தார். மேல் வரி பின்னுக்குப் போனது. மேல் வரியைச் சரிசெய்தார். கீழ் வரி முன்னுக்கு ஓடியது. ஒருவரைச் சமாதானப்படுத்தினால் மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கலியாண வீட்டுச் சம்பந்திகள் மாதிரி. உம்மா அவருக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதிரைக்குப் பின்னால் பேசாமல் நிற்பார். ஒரேயொரு முறைதான் வாய் திறந்தார்.

“எப்பவும் அஞ்சரை மணித்தியாலம்தான் கூடுதா மகன்?”

“ஓம் உம்மா. கீழ் வரியில எப்பவும் அவ்வளவுதான் முந்துது.”

உம்மா வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார். கொம்பியூட்டருக்கும் அவருக்கும் இருந்த சம்பந்தமெல்லாம் தூசி துடைப்பதும், மேலே லேஸ் துணி விரிப்பதும்தான்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம் வந்தது. மேல் வரி சரியான நேரத்தில் இருக்கட்டும், வீட்டுக்கு வாங்கு சொல்வது அதுதான். நானா கீழ் வரிக்குப் போகும்போது ஸ்பீக்கரின் குமிழைத் திருகிச் சத்தத்தை நிறுத்திவிடவேண்டும்.

இனி என் கதை. எங்களூர்ச் சின்னப் பிள்ளைகள் மத்தியானத்தோடு முடித்துக்கொள்வதற்கு அரை நோன்பு என்று பெயர். என் வயதுக்காரனான மாமி மகன் அந்த வருடம் முழு நோன்புகள் பிடித்துவிட்டான். நான் இரண்டு தரம் முயன்று மத்தியானத்தில் தோற்றுப்போனேன். அவன் என்னை அரை நோன்புக்காரி என்றே கூப்பிடத் தொடங்கினான். அப்படியிருக்க ஒருநாள் மாலை நோன்பு திறக்க மாமி வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. முழு நோன்போடு போவேன், இல்லாவிட்டால் போகவே மாட்டேன் என்று முடிவெடுத்துவிட்டேன். அப்போது எனக்கு வயிறு சின்னது, மானம் பெரியது.

வெயில் ஏற ஏறத் தலை சுற்றியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அரை நோன்போடு விடச்சொல்லி உம்மா கெஞ்சினார். மாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கெஞ்சினார். என்னைச் சாப்பிட வைத்தால் இனிச் சாகும்வரைக்கும் சாப்பிட மாட்டேன் என்று அழுதேன். அதற்குப் பிறகு உம்மா வற்புறுத்தவில்லை. புழுதிக்காகச் சாத்தியிருந்த யன்னலடியில், வெறும் சீமெந்துத் தரையில், நெற்றியில் ஈரத்துணியோடு தூங்கிப்போனேன்.

வாங்குச் சத்தத்தில் விழித்தேன். கொம்பியூட்டர் சொல்லிக்கொண்டிருந்தது. உம்மா பக்கத்தில் இருந்தார். கதவுக்குக் கீழே வெயில் பளீரென்று விழுந்திருந்தது.

“உம்மா, வெயில் எறிக்குதே?”

“வாங்கு சொல்லிட்டுது மகள். நோன்பத் திறங்க.”

வாங்கு சொன்னால் திறக்கலாம். எனக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான். திறந்தேன். அந்தத் தண்ணீரின் ருசியை இன்னும் மறக்கவில்லை.

மாலையில் மாமி வீட்டில் வாப்பா தீர்ப்புச் சொன்னார்: “பிள்ளையில பிழையில்ல. பிழை மிசினில.”  மாமி மகன் இரகசியமாக என்னிடம் வந்து, உங்கள் கொம்பியூட்டர் நாளைக்கும் அப்படிச் சொல்லுமா என்று கேட்டான். நானாதான் பாவம். கல்லூரிக்குப் போகும்போது மேல் வரியில்தான் விட்டுவிட்டுப் போனனான் என்று சத்தியம் பண்ணினார். யாரும் நம்பவில்லை. ஏச்சு வாங்கிய நானாவுக்கு உம்மா இரண்டு துண்டு வட்டிலப்பம் வைத்தார். நோன்பு பிடித்த எனக்கு ஒன்றுதான். எனக்கு வந்த கோபம்!

அந்த வாரமே நானா யாரிடமோ கேட்டுவந்து ஒரு கட்டளையைத் தட்டினார். பெட்டிக்குள் ஓடும் கடிகாரத்தை மேல் வரி நம்மூர் நேரமாகவே எடுத்துக்கொள்கிறது. கீழ் வரியோ அதை கிரீன்விச் நேரம் என்று நினைத்து, நமக்காக ஐந்தரை மணித்தியாலத்தைத் தானே கூட்டிவிடுகிறது. கூட்டாதே என்று சொன்னதும் பிழை தீர்ந்தது. எனக்குத்தான் கொஞ்சம் கவலை.

இப்போது எனக்கும் இதுதான் தொழில். போன மாதம் அலுவலகத்து மிசின் ஒன்றில் அதே ஐந்தரை மணித்தியாலம் வந்தது. அதே கட்டளையைத் தட்டிவிட்டு அப்படியே கதிரையில் சாய்ந்தேன். எந்த மிசினும் தானாகக் கீழ் வரிக்குப் போகாது. யாராவது அம்புக்குறியைத் தட்டவேண்டும். நானாவே மறந்து கீழ் வரியில் விட்டிருந்தாலும், நிறுத்திவைத்த ஸ்பீக்கர் குமிழை யாராவது திருகவேண்டும். அன்று நானா கல்லூரியில், வாப்பா கடலில்.

உம்மாவுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். அந்தப் பெட்டியை நிப்பாட்டக்கூடத் தனக்குத் தெரியாதே என்றார். மத்தியானம் சாப்பிட்டீங்களா மகள் என்று கதையை மாற்றினார்.

அன்று வாங்கு தொடங்கி நான் கண் விழித்தபோதே அவர் கையில் தண்ணீர்க் கோப்பை இருந்தது. மற்றக் கையில் இருந்த பேரீச்சம்பழத்தில் கொட்டை இல்லை. அதை அவர் எப்போது எடுத்துவைத்தார் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.