பஸ்ஸுக்கு இன்னொரு படி

அந்தக் காலத்தில் மயிலாப்பூரிலிருந்து மாம்பலத்துக்கு ஓடிய தனியார் பஸ்களைக் கட்டியவர்கள் ஆண்கள். சரியாயிருக்கிறதா என்று ஏறிப் பார்த்தவர்களும் ஆண்கள். தரைக்கும் முதல் படிக்கும் நடுவே ஒரு சின்னக் குழந்தையை நிறுத்தி வைக்கலாம். அத்தனை உயரம்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்திருந்த சமயம். மாம்பலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். என் இடது முழங்கால் மடங்க மறுக்க ஆரம்பித்திருந்தது. ரிக்‌ஷாவில் ஒரு மனிதன் இழுக்க உட்கார்ந்து போக மனசு ஒப்பவில்லை. ஜட்காவில் ஏறுவதோ பஸ்ஸில் ஏறுவதைவிடப் பெரிய வித்தை. கணவர் போன பிறகு அண்ணா வீட்டில் இருந்த எனக்கு, தலை நிமிர்ந்து நடக்க அந்த வேலை ஒன்றுதான் இருந்தது. அதையும் விடவேண்டியதுதானோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

அண்ணாவின் பிள்ளை பொறியியல் கல்லூரியில் கடைசி வருஷம். ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றைச் சொந்தமாக வடிவமைத்துக் காட்டவேண்டும். கூடப் படித்தவர்கள் பாலம், எஞ்சின் என்று பெரிசு பெரிசாக எடுத்துக்கொண்டார்கள். இவன் என்னைப் பார்த்துவிட்டு பஸ் படியை எடுத்துக்கொண்டான். "இதுக்காடா உன்னை எஞ்சினியரிங் சேர்த்தேன்?" என்று அண்ணா தலையில் அடித்துக்கொண்டார்.

நவராத்திரி வந்தது. கொலு வைத்தது போக மிச்சமிருந்த பலகைகளை அடுக்கி, வாசல் நடையில் பஸ் படி மாதிரியே ஒன்று கட்டிவிட்டான். கொலு பார்க்க வருகிறவர்கள் அதில் ஏறித்தான் உள்ளே வரவேண்டும். உயரம் தினம் மாறும். "ஒரு பிடி சுண்டலுக்கு மலை ஏறணுமா உங்காத்துல?" என்று எதிர்வீட்டு மாமி மன்னியைக் கேட்டே விட்டாள். பெண்கள் காலையே பார்த்துக்கொண்டு நிற்கிறான், சீக்கிரம் ஒரு கல்யாணத்தைப் பண்ணிவை என்று யோசனை வேறு சொல்லிவிட்டுப் போனாள். மன்னிக்கு மானம் போயிற்று. அவன் கதவோரத்தை விட்டு அசையவில்லை.

ஒரு நாள் விளக்கு வைத்த பிறகு ஓடி வந்தான்.

"அத்தை, உயரம் மட்டும் இல்லை. ஒரு கை புடவையைப் பிடிச்சுக்கறது, இன்னொரு கை குழந்தையைப் பிடிச்சுண்டிருக்கு. கம்பியைப் பிடிக்கக் கையே இல்லை! கை ஊனாம ஏறற மாதிரி இருக்கணும்."

வருஷக்கணக்காக பஸ் ஏறிய எனக்கு இது தோன்றவேயில்லை. அன்றைக்கு அவன்மேல் வந்த மரியாதை எனக்கு இன்றுவரை குறையவில்லை.

தரைக்குச் சற்று மேலே ஒரு அகலப் படி, உள்ளே தள்ளி இன்னொன்று என்று வரைந்தான். அதற்கு இரண்டு சீட்டை எடுக்கவேண்டும். "சீட்டை விட்டுக்கொடுக்க எந்த முதலாளி வருவான்?" என்று அவன் புரொபஸர் சிரித்தாராம். பையன் விடவில்லை. புது பஸ் கட்டிக்கொண்டிருந்த ஒரு முதலாளி வீட்டு வாசலில், வரைபடமும் கையுமாக, அவர் அலுத்துப்போகும்வரை போய் நின்றான். கடைசியில் அவர், "ஒரு மாசம் பாப்பேன் தம்பி. வண்டி காலியா ஓடினா படியைப் பிடுங்கி அடுப்புல வச்சுடுவேன்" என்று சம்மதித்தார்.

கோடை விடுமுறையில் அந்த பஸ் ஓட ஆரம்பித்தது. மாசம் முடிவதற்குள் பள்ளி திறந்தது. அன்று காலை, பஸ் எனக்காகவே வருகிறது என்ற நினைப்பில் மயிலாப்பூர் குளக்கரையில் நின்றேன். வலது காலை வைத்தேன். இடது கால் முனகாமல் பின்னால் வந்தது. கம்பியைத் தொடக்கூட இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

உள்ளே பார்த்தால் ஒரே கூட்டம். கீரைக் கூடையோடு ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு இருவர், துப்பட்டி போர்த்திய முஸ்லிம் அம்மா, பட்டுப்புடவையில் மாமிகள். இத்தனை பேரும் இதுவரை எப்படிப் போனார்கள், அல்லது போகாமலே இருந்தார்களா என்று நினைத்து அப்படியே நின்றுவிட்டேன்.

"இன்னாமா பாத்துக்கினு நிக்கிற? உள்ள நவுரு! நிக்கத்தான் எடம் கீது!" என்று கண்டக்டர் கத்தினார்.

சாயந்திரம் அவன் வாசலிலேயே காத்திருந்தான். "உட்கார இடம் கெடைச்சுதா, அத்தை?"

"எங்கேடா! மாம்பலம் வரைக்கும் நின்னுண்டே போனேன்."

அவன் முகம் தொங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அசடே, இனிமே அந்தப் படியை எவன்டா பிடுங்குவான்?" என்றேன்.