சிவப்புக் கோடு வரவில்லை

தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் பதினோரு வருடமாகத் தட்டச்சு வேலை பார்க்கிறேன். ஒருநாள் ஷிஃப்ட் முடியும் நேரத்தில், மாவு பிசையும் இயந்திரத்தில் ஒட்ட ஓர் அறிவிப்பு கேட்டார்கள். 'துடைக்கும் முன் மெயின் சுவிட்சை அணைக்கவும்' என்பதுதான் வாசகம். கண்ணெல்லாம் எரிந்தது. அடித்து முடித்தபோது கணினி எந்தச் சொல்லின் கீழும் பிழையைக் காட்டும் சிவப்புக் கோடு போடவில்லை. அதை நம்பி, அச்சிட்டு ஒட்டிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

மறுநாள் காலை, புதிதாகச் சேர்ந்த தனம் ஈரத்துணியோடு அந்த இயந்திரத்தின் முன் நின்றிருந்தாள்.

"மேடம், நோட்டீஸ்ல எழுதிக்கீற மாதிரி மெயின ஆன் பண்ணிக்கினேன். தொடைக்கட்டுமா?"

"ஐயோ, தொடாதே!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். பிறகுதான் தாளைப் பார்த்தேன். 'அணைக்கவும்' என்பதற்குப் பதில் 'இணைக்கவும்' என்று அடித்திருந்தேன். அதுவும் நல்ல தமிழ்ச் சொல்தான். கணினிக்கு அது பிழையாகத் தெரியவில்லை.

"இன்னா மேடம், நீங்கதானே ஒட்னீங்க?" என்றாள் தனம். அந்தத் தாளைக் கிழித்தெடுத்தேன்.

இப்போது எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், அந்த வேலையைச் செய்யப்போகிறவரைக் கூப்பிட்டு அறிவிப்பைப் படிக்கச் சொல்கிறேன். "இதப் படிச்சா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்கிறேன். அவர் சொல்லும் பதில் சரியாக இருந்தால்தான் பசையை எடுக்கிறேன்.