சகலன் போட்ட வெக்ஸ்

வெள்ளிக்கிழமை காலைகளில் என் சகலன் கார் கழுவுவான். அவன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். எங்கள் ஊரில் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்குப் போய்க் குடியேறுவான். அப்படிக் கல்முனைக்குடியில் மாமியின் வளவுக்குள் இரண்டு வீடுகள், இரண்டு மருமக்கள், இரண்டு கார்கள். நடுவில் நெஞ்சளவு மதில். எங்கள் குசினி யன்னலில் நின்றால் அவனுடைய முற்றம் முழுதும் தெரியும். தேநீர்க் கோப்பையோடு நான் அந்த யன்னலில் நிற்பதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

அவனுடைய கார் கறுப்பு. என்னுடையது கருநீலம், அவனுடையதைவிட ஆறு வயது மூத்தது. ஜும்ஆவுக்குப் புறப்படும் நேரத்தில் அவனுடைய பொனட்டில் மேலே ஆடும் தென்னோலை கீற்றுக் கீற்றாகத் தெரியும். என் பொனட்டில் உவர்க் கிணற்றுத் தண்ணீர் காய்ந்த வெள்ளைப் பொட்டுகள்தான் தெரியும். எனக்கு வயிறு எரியும். வயதில் அவன் இளையவன், அந்த வீட்டுக்கும் இளைய மருமகன். படிப்பு என்று பார்த்தால் நான் பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறேன், அவன் சாதாரண தரத்தோடு நின்றவன். இருந்தும் பள்ளிவாசல் வாசலில் ஆட்கள் அவனுடைய காரைத்தான் ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே போவார்கள்.

அவன் கட்டாரில் ஏழு வருடம் இருந்தவன். அங்கே ஒரு கார்க் காட்சியறையில் கார்களைக் கழுவி மினுக்குவதுதான் அவனுடைய வேலை. ஒரு நோன்புப் பெருநாள் பகல் சாப்பாட்டில், எல்லோரும் இருக்கும்போது, மாமி அவனுடைய காரைப் புகழ்ந்தார். "அரபியன்ட காரத் தொடச்ச பழக்கம், விடுமா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அந்தப் பெருநாள் எனக்கு நல்ல பெருநாளாக இருந்தது.

பிறகு மச்சினனுக்குக் கலியாணம் சரிவந்தது. மாமிக்கு அவன் ஒரே மகன். பெண் மருதமுனை. நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளையை முன் காரில் ஏற்றிக்கொண்டு போய்ப் பெண் வீட்டில் விட வேண்டும். அது மூத்த மச்சானின் வேலை, அதாவது என் வேலை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

"ரெண்டு காரும் இரிக்கிதானே. எது வடிவா இரிக்கோ, அதுல போகட்டும்," என்றார் மாமி.

மச்சினன் மதிலுக்கு மேலால் கறுப்புக் காரை ஒரு பார்வை பார்த்தான். அந்த ஒரு பார்வை எனக்குப் போதுமாக இருந்தது. கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருந்தது. ஊர் பார்க்க அவன் முன் காரை ஓட்ட, நான் பின்னால் பெண்டுகளையும் பலகாரத் தட்டுகளையும் ஏற்றிக்கொண்டு போவதை நினைத்துப் பார்த்தேன்.

தங்கையின் கணவனைத் தம்பி என்று கூப்பிடும் என் மனைவி சொன்னாள்: "தம்பிட்ட ஒருக்காக் கேட்டா, என்ன பூசுறண்டு சொல்லித் தருவார்தானே?"

"அவன்ட்ட நான் கேட்கவா?" என்றேன்.

கேட்கவில்லையே தவிர, அவன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அவனுடைய கராஜ் தட்டில் இருந்த போத்தல்களைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். ஒரு பட்டதாரி ஆசிரியர் செய்கிற வேலையா என்று கேட்டால், இல்லைதான்.

அந்தப் படத்தோடு பிரதான வீதியில் இருக்கிற வாகனப் பொருட்கள் கடைக்குப் போனேன். கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, "இது வேற ஆள்ட காருக்கு, சேர். ஒங்கட காருக்கு என்ன வேணுமெண்டு முதல்ல பாப்பம்," என்று வெளியே வந்தார். ஒரு மெல்லிய பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு என் பொனட்டைத் தடவினார். என்னையும் தடவச் சொன்னார். வெறுங்கைக்கு வழுவழு என்று இருந்த இடம் பைக்குள்ளால் மண்தரை மாதிரிச் சொரசொரத்தது.

"கடக்காத்தும் தூசியும் பெயின்டில ஒட்டிக் கிடக்கு. இதுக்கு மேல வெக்ஸ் போட்டா ஊத்தைக்கு மேலதான் மினுங்கும்."

பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கழுவுவதற்குக் கார் ஷெம்பு. பாத்திரம் கழுவுகிற திரவம் கூடாதாம். ஒட்டியதை இழுத்தெடுக்கக் களிமண் போல ஒரு கட்டி. மங்கலைப் போக்கப் பொலிஷ். கடைசியில், பொலிஷ் கொடுத்த மினுக்கத்தைக் காப்பாற்ற வெக்ஸ். படத்தில் இருந்த கொம்பவுண்டை நான் காட்டியதற்கு, அது பெயின்டின் தோலை உரிக்கிற சாமான், கை பழகாதவர்கள் தொடக்கூடாது என்றார். சகலனுக்குக் கை பழகியிருக்கிறது, எனக்குப் பழகவில்லை. அதையும் ஒருவர் சொல்லித்தான் நான் கேட்க வேண்டியிருந்தது.

கடைசியாக ஒரு கட்டு மைக்ரோஃபைபர் துணியை மேசையில் வைத்தார். சகலனிடம் இருக்கும் அதே மஞ்சள் துணி.

"துணி வேணா. ஊட்டில பழைய சாரன் இரிக்கி."

"இதுக்கு இதுதான் சேர் நல்லம்."

"மருதமுனைச் சாரன். பத்து வருசம் துவைச்சது, பஞ்சு மாதிரி," என்றேன். எங்கள் பக்கத்தில் கண்ணாடியானாலும் மூக்குக்கண்ணாடியானாலும் பிள்ளையின் முகமானாலும் இடுப்பில் கட்டிப் பழசான சாரனால்தான் துடைப்போம். எல்லாவற்றையும் அவனைப் பார்த்து வாங்கினேன், ஒன்றாவது என்னுடையதாக இருக்கட்டும் என்றும் ஒரு எண்ணம். கடைக்காரர் துணிக் கட்டைத் திருப்பி எடுத்து வைத்தார்.

சனிக்கிழமை மாமரத்து நிழலில் வேலையைத் தொடங்கினேன். கழுவினேன். கட்டியைத் தேய்த்தேன், அது கறுத்துப் போய் வந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பிறகு சாரனை நாலாக மடித்து, பொலிஷை ஊற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். வெக்ஸும் போட்டுத் துடைத்தேன். நிழலில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று இரண்டு தரம் இருமினேன்.

அசர் தொழுகைக்குப் பிறகு காரை வெயிலுக்கு எடுத்தேன். பொனட் முழுக்க, கூரையின் பாதி வரைக்கும், மயிரிழை மயிரிழையாகக் கீறல்கள். என் கை போன வட்டம் ஒவ்வொன்றும் எழுதி வைத்தது போல் தெரிந்தது.

சாரனை உதறிப் பார்த்தேன், ஒன்றும் விழவில்லை. இரண்டு தலைப்பையும் சேர்த்துத் தைத்த மூட்டைப் பிரித்தபோதுதான் மண் கொட்டியது. சுபஹுத் தொழுதுவிட்டு கடற்கரைக்கு மீன் வாங்கப் போகும்போதெல்லாம் நான் கட்டிக்கொண்டு போகிற சாரன் அது. கரைவலை இழுத்து முடியும் வரைக்கும் அதோடுதான் மணலில் குந்தியிருப்பேன். பத்து வருடத்து மணல் துவைக்கத் துவைக்க மூட்டுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மனைவி வந்து பார்த்தாள். "வல்லாஹி, ஏன் இப்பிடி?" என்று மட்டும் கேட்டாள். நான் பொனட்டின் மேல் ஒரு கட்டில் விரிப்பைப் போட்டு மூடினேன். அது மூன்று நாள் அப்படியே கிடந்தது. கேட்டவர்களுக்கு வெயில் படக்கூடாது என்று சொன்னேன்.

நாலாம் நாள் பகல் சகலன் படலையைத் திறந்துகொண்டு வந்தான். அவனிடம் யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை, என் மனைவியும் சொல்லவில்லை. கையில் ஒரு வாளி, தோளில் அந்த மஞ்சள் துணிகள்.

"காக்கா, ஒருக்காப் பாக்கட்டா?" என்றான். மூத்தவன் என்பதால் என்னை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் விரிப்பை எடுத்துவிட்டான். சிரிப்பான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். சிரித்திருந்தால் எனக்கு லேசாகப் போயிருக்கும். விரல் நகத்தைக் கீறல்களுக்குக் குறுக்காக மெதுவாக இழுத்துப் பார்த்தான்.

"நகத்தில புடிக்கல்ல. ஆழமில்ல, எடுக்கலாம்."

இரண்டு நாள் வேலை செய்தான், கடைசியில் வெக்ஸும் அவனே போட்டான். நான் தண்ணீர் கொடுத்தேன், துணி அலசினேன். கொம்பவுண்டை ஒரு பயறளவு வைத்து, கை நோகாதது போல் தேய்த்தான். துணியை நாலாக மடித்து, ஒரு பக்கம் ஊத்தையானால் மறுபக்கம் திருப்பினான். கீழே விழுந்த ஒரு துணியை உதறிக்கூடப் பார்க்காமல் எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்தான்.

"விழுந்த துணியத் திரும்பத் தொடப்படா, காக்கா. அங்க ஒரு கீறல் விழுந்தா ஊருக்கு அனுப்பிப் போடுவானுகள்."

நான் அந்தத் துணியைப் பொறுக்கி ஒரு ஓரமாக வைத்தேன்.

"ஏழு வருசம் தொடச்ச. ஒரு நாளும் ஒண்டிலயும் ஏறிப் போனதில்ல," என்றான், பொனட்டைப் பார்த்துக்கொண்டே. "அதான் இப்ப என்டத இப்பிடி வெச்சிரிக்கன்."

பெருநாள் அன்று நான் சொன்னது ஞாபகம் வந்தது. அவனுக்கும் வந்திருக்கும். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கலியாணத்தன்று காலை இரண்டு கார்களும் வீதியில் நின்றன. என் கருநீலம் அவனுடைய கறுப்பைவிடப் பளிச்சென்று இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பொய்யில்லை. அதில் தென்னோலை மட்டுமில்லை, ஓலையில் குந்தியிருந்த காகமும் தெரிந்தது. மாப்பிள்ளை இரண்டையும் பார்த்துக்கொண்டு நிற்க, சகலனே என் காரின் பின்கதவைத் திறந்துவிட்டான். "மூத்த மச்சான்ட கார்லதான் போகணும். ஏறு," என்றான்.

முன் காரை நான்தான் ஓட்டினேன். இரண்டு கிழமையாக நினைத்துக் கிடந்தது கையில் கிடைத்துவிட்டது. பாண்டிருப்பு தாண்டும்போது பின்னால் இருந்து மச்சினன் சொன்னான்: "சின்ன மச்சான்ட கை பட்டதும் ஒங்கட கார் புதுசாப் போயிட்டு, மச்சான்." மருதமுனையில் பெண்ணின் வாப்பா காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு யார் மினுக்கியது என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் மாமி சொல்லிவிட்டார். சகலன் பின்னால் பலகாரத் தட்டுகளை இறக்கிக்கொண்டு நின்றான். அவனுக்கு அந்தக் கதை கேட்டிருக்காது.

நாலு மாதமாகிவிட்டது. அவன் மினுக்கியது மங்கட்டும் என்று நான் காரைக் கழுவுவதில்லை. மாமரத்துக்குக் கீழே, காகம் எச்சமிடும் கிளைக்கு நேரே விடுகிறேன். போன வெள்ளிக்கிழமை மதிலுக்கு மேலால் அவன் கேட்டான்:

"காக்கா, வெக்ஸ் போயிருக்கும். இன்னொருக்காப் போடுவமா?"

"வேணா தம்பி, இன்னும் இரிக்கி," என்றேன்.

அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து நான் தினமும் ஒரு கோப்பைத் தண்ணீரைப் பொனட்டில் ஊற்றிப் பார்க்கிறேன். வெக்ஸ் போய்விட்டால் தண்ணீர் பரந்து ஓடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். இன்றைக்கும் ஊற்றினேன். மணிமணியாகத்தான் நிற்கிறது.