நான்கு துண்டும் சேர்ந்தால்தான்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் பம்பரம். உட்கார்ந்தால் நாற்காலி சுடும் என்பதுபோல் ஓடிக்கொண்டே இருப்பாள். தரையெல்லாம் சோப்புத் தண்ணீர். குதிகால் பட்டால் உடுப்பில் தெறிக்கும் என்று அங்கே எல்லோருமே நுனிக்காலில்தான் நடப்பார்கள். வீட்டுக்குப் போனாலும் அந்த நடை அவளை விடாது.

அதனால் மகள் நுனிக்காலில் நடக்கத் தொடங்கியபோது வீடே சிரித்தது.

"இப்பவே டூட்டிக்குக் கிளம்பிட்டா பாரு, அண்ணி!" என்றாள் நாத்தனார்.

மகளின் கால்கள் விறைத்து, பேச்சும் பின்தங்கிப்போன பிறகுதான் மரபணு மருத்துவரிடம் போனார்கள்.

"செல்லுக்குள்ள சரக்கைப் பிரிச்சு ஏத்தி அனுப்புற புரதக் கூட்டு ஒண்ணு இருக்கும்மா. அடாப்டர்னு சொல்வோம். நாலு துண்டும் சேர்ந்தாதான் அது வேலை செய்யும். உங்க பொண்ணுக்கு அதுல ஒரு துண்டு சரியா உருவாகலை."

"மிச்சம் மூணும் நல்லாத்தானே இருக்கு டாக்டர்?"

"நல்லா இருந்தும் கூட்டு சேராது. சேராததைச் செல்லே கரைச்சிடும். நரம்புக்குப் போகவேண்டிய சரக்கு பாதியிலேயே தேங்கிடும்."

"யார்கிட்ட இருந்து வந்துச்சு?"

"பிழையான பிரதி உங்ககிட்ட ஒண்ணு, அவர்கிட்ட ஒண்ணு. கூடவே நல்ல பிரதியும் இருக்கறதால உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல. அவளுக்கு ரெண்டுமே பிழையா வந்துடுச்சு."

இப்போது வயிற்றில் இரண்டாவது. அதற்கும் அப்படி வர நாலில் ஒரு வாய்ப்பு. பனிக்குட நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள்.

"தரை தேயுது, கொஞ்சம் உட்காரேன்" என்றார் வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும் கணவர்.

"உட்கார்ந்தா நினைப்பு வருதுங்க."

கைபேசி அதிர்ந்தபோது கூடத்தில் பெரிய சலவை எந்திரம் சுழன்றுகொண்டிருந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு துணி அடுக்கும் அறைக்கு ஓடினாள்.

"ஒரு பிரதியிலதான்மா பிழை. உங்களை மாதிரியே. பாப்பாவுக்கு இந்த நோய் வராது."

மூச்சு வந்தது. உடனே அடுத்த கேள்வியும் வந்தது.

"அப்போ பெரியவளுக்கு, டாக்டர்?"

"ஆராய்ச்சி நடக்குதும்மா. இப்போதைக்கு அவளோட கால் பயிற்சியை விட்டுடாதீங்க."

கணவரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள். "அப்பாடா!" என்றார்.

"என்னங்க அப்பாடா? சாயங்காலம் பெரியவளுக்குப் பயிற்சி. நீங்க கூட்டிட்டுப் போறீங்களா, நானே ஓடி வரட்டுமா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் ஈரப் போர்வைகளைத் தள்ளுவண்டியில் அள்ளிப் போட ஆரம்பித்துவிட்டாள்.