ஓடி வருபவனுக்காகக் காத்திருந்தவர்

மின்சாரம் தரையில் இறங்கும் எர்த் ஃபால்ட்டில் மின்பாதை நின்றுவிட்டால், கம்பி போகும் வழியெங்கும் நடந்து பார்த்த பிறகே மறுபடி மின்சாரம் விட வேண்டும் என்பது விதி. அறுபதுகளில் தென்காசி துணைமின் நிலையத்தில் என்னிடம் வேலை பார்த்த மேற்பார்வையாளருக்கு அது மனப்பாடம்.

வெளுத்த காக்கிச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. பாதை நின்றால் உடனே சுவிட்சைப் போட்டுவிட்டு, வாசலில் குடையோடு நின்று சாலையைப் பார்ப்பார்.

“யாரைத் தேடுதீரு?” என்றேன் ஒரு சாரல் நாளில்.

“இந்த மழையில குத்தாலம் வரைக்கும் யாரு சார் நடப்பா? கம்பி அறுந்து கெடந்தா, அங்கன உள்ளவனே ஓடியாந்து சொல்லுவாம்லா.”

சொன்னபடியே இலஞ்சியிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து விழுந்தார். “அண்ணாச்சி, கரண்டை நிறுத்துங்க! வயல்ல கம்பி கெடக்கு. உழுத மாடு செத்துப்போச்சு. எம் மவன் எறங்க முடியாம வரப்புலயே நிக்கான்!”

“இலஞ்சியா? நான் மேலகரம்னுலா நெனச்சேன்” என்றபடி உள்ளே போய் நிறுத்தினார். திரும்பி வந்து, தம் கூஜாத் தண்ணீரை அவருக்குக் கொடுத்து முதுகைத் தடவினார். பையன் பிழைத்தான். அந்தத் தடவல் நடிப்பில்லை என்பதுதான் எனக்கு இன்றும் விளங்காதது.

இந்த விதி நடைமுறையில் உண்டா என்று அன்றே மேலிடத்துக்கு எழுதிக் கேட்டேன். ‘உண்டு, தவறாது பின்பற்றப்படுகிறது’ என்ற பதில், பதவி உயர்ந்து அங்கே போயிருந்த அவருடைய கையெழுத்தோடு, மறு வருடம் ஆடி அமாவாசையன்று வந்தது.