சித்தி போட்டுக்கொண்டு வந்த கண்ணாடி

எங்கள் வீட்டில் எது காணாமற்போனாலும் நான் முதலில் கள்ளனைப் பிடித்துவிட்டுத்தான் பொருளைத் தேடுவேன். ஒன்பது வயதில் எனக்கு அப்படியொரு புத்தி. ஆகவே என் கண்ணாடி தொலைந்த அன்று காலை, பல் விளக்குமுன்பே, வேலிக்குள்ளால் நுழையும் பக்கத்து வீட்டுப் பெடியன், குசினி வாசலில் குந்தியிருக்கும் காகம், என் அம்மா என்று எல்லோரையும் சந்தேகித்து முடித்திருந்தேன்.

அம்மாவில் சந்தேகம் வரக் காரணம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கண் பார்க்க வந்தவர்கள் எனக்குக் கண்ணாடி வேண்டுமென்று எழுதிக் கொடுத்த நாளிலிருந்தே அவருக்கு அது பிடிக்கவில்லை. பொம்பிளைப்பிள்ளை கண்ணாடி போட்டால் நாளைக்கு யார் கட்டுவான் என்று புறுபுறுப்பார். எனக்கோ அது வந்தபிறகுதான் எங்கள் ஊர் முள்ளியவளையில் மரங்களுக்குத் தனித்தனியாக இலை இருப்பதே தெரிந்தது. அதுவரை மாமரம் ஒரு பச்சைப் புகை, கரும்பலகை வெறும் கறுப்பு. முதல் நாள் போட்டபோது நிலம் சரிந்து கீழே போவதுபோல் இருந்தது. கிணற்றடிக்குச் சேற்றில் நடப்பவள்போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் போனேன். பழகியபின் கழற்றினால்தான் தலை சுற்றியது.

படுக்கப்போகும்போது அதைச் சாமிப்படத் தட்டில் வைப்பேன். கடவுளுக்கு முன்னால் ஒருவரும் கை வைக்கமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் மண் விழுந்தது.

அன்றைக்கென்று பார்த்து என் கண்ணாடியைப் பற்றிக் கவலைப்பட வீட்டில் ஒருவருக்கும் நேரமில்லை. அம்மாவின் தங்கையான சித்தியைப் பெண் பார்க்க வவுனியாவிலிருந்து வருகிறார்கள். மாப்பிள்ளை சுவிஸில், வருவது அவருடைய தாய். சித்திக்கு அந்தச் சம்பந்தத்தில் விருப்பமில்லை என்பது எங்கள் கோழிகளுக்கும் தெரியும். ஆனால் அவர் சொன்ன காரணத்தை அம்மா காரணமாகவே எடுக்கவில்லை. அந்தக் கதை தொடங்கினாலே என்னைக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். "அவையள் வேண்டாமெண்டா விடுவம். நீ வேண்டாமெண்டு சொல்லப்படாது" என்று அம்மா முடிவாகச் சொல்லியிருந்தார்.

சித்தி மட்டும் என்னோடு சேர்ந்து தேடினார். அதுவும் கோழிக்கூட்டுக்குள். கோழிக்கூட்டில் போய் நான் ஏன் கண்ணாடியைக் கழற்றி வைக்கப்போகிறேன்? அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். ஊசியில் ஒரே குத்தில் நூல் கோர்க்கிறவருக்கு எதற்குக் கண்ணாடி என்று விட்டுவிட்டேன்.

பின்னேரம் வான் வந்து நின்றது. மாப்பிள்ளையின் தாய் கதிரையில் இருந்துகொண்டு கூரையை, சுவரை, என்னை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

குசினியிலிருந்து தேத்தண்ணித் தட்டோடு ஓர் உருவம் வந்தது. சீலையின் நிறத்தை வைத்துத்தான் சித்தி என்று கண்டுகொண்டேன். காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார். கிட்ட வந்ததும் பார்க்கிறேன், அவருடைய மூக்கில் என்னுடைய மண்ணிறக் கண்ணாடி. குசினி வாசலைத் தாண்டும்போது மாட்டியிருக்க வேண்டும். ஊரே மெச்சும் அந்தப் பெரிய கண்கள் அதற்குள் புளியங்கொட்டை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தன. தட்டை ஸ்டூலில் வைக்கப்போனவர் அதற்குச் சற்று முன்னாலேயே கையை விட்டார். தேத்தண்ணி நிலமெல்லாம் ஓடியது.

"பிள்ளைக்குக் கண்ணில ஏதும் குறையோ?" என்றார் மாப்பிள்ளையின் தாய்.

"இல்லை, இல்லை. அவளுக்கு நல்ல வடிவாத் தெரியும்." என்றார் அம்மா.

"பிறகென்னத்துக்குக் கண்ணாடி?"

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது.

"அது என்ர கண்ணாடி. சித்தி களவெடுத்துப் போட்டிருக்கிறா. அவாவுக்கு ஊசிக்காதும் தெரியும்."

உண்மையைச் சொன்ன பெருமையில் நிமிர்ந்து நின்றேன். வந்தவர் என்னைவிடப் பெரிய சந்தேகக்காரி என்பது எனக்கு எப்படித் தெரியும்? "சின்னப்பிள்ளைக்கும் நல்லாத்தான் சொல்லிக் குடுத்து வைச்சிருக்கிறியள்" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். பிறகு சித்தியைக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, எதிர்ச் சுவரில் தொங்கிய கலண்டரில் என்ன மாதம் என்று வாசிக்கச் சொன்னார்.

சித்தி கழற்றினார். என் பவர் அவர் கண்களைப் படாத பாடு படுத்தியிருந்தது போலும், பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி, வேறொரு சுவரைப் பார்த்தார்.

"கலண்டர் எங்க இருக்கு, அன்ரி?"

மிச்சத் தேத்தண்ணியை ஒருவரும் குடிக்கவில்லை. வான் போய்விட்டது.

அம்மா வாசற்படியில் இருந்து அழுதார். சித்தி என் கண்ணாடியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சீலைத் தலைப்பால் துடைத்து, என் மூக்கில் மாட்டிவிட்டார். எல்லாம் திரும்பவும் துலக்கமாகத் தெரிந்தது. சித்தியின் கண்கள் சிவந்திருந்தன. முகத்தில் மட்டும் ஒரு சிரிப்பு. களவெடுத்துப் பிடிபட்டவருக்கு என்ன சிரிப்பு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னும் எத்தினை வருசத்துக்கடி இப்பிடியே இருக்கப்போறாய்?" என்று அம்மா கேட்டார்.

"சண்டை முடிய ஆமி அவரை பஸ்ஸில ஏத்தினதை நான் என்ர கண்ணால பாத்தனான், அக்கா. செத்துப்போனாரெண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை."

அம்மா அழுகையை நிறுத்திவிட்டுச் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பக்கத்தில் நிற்பதை இருவரும் மறந்துவிட்டார்கள். எனக்கோ மண்டை குடைந்தது. சுவிஸுக்குப் பிளேனில் அல்லவா போவார்கள்? அந்த மாப்பிள்ளையைச் சித்தி எந்த பஸ்ஸில் கண்டார்? சுகமாக வேலை செய்துகொண்டிருக்கிற மனுசனை ஏன் சாகடிக்கிறார்?

"அம்மா, சித்தி திரும்பவும் பொய் சொல்லுறா" என்றேன்.

ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.