மாமியின் ரம்புட்டான் சாக்கு

கோண்டாவில் சின்னராசாவின் மூன்றாவது பெடியன் கதிர்காமநாதன் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரே ஒரு பஸ் வைத்திருந்தார். ஒருமுறை மலிவு விமானத்தில் திருச்சிக்குப் போனபோது தண்ணீருக்கும் காசு, பெட்டிக்கும் காசு என்றார்கள். போகும்போது கோபம் வந்தது. திரும்பும்போது யோசனை வந்தது.

மற்றவர்கள் யாழ்ப்பாணத்துக்கு இரவில் ஏசியும் படமும் போட்டு ஓட்ட, இவர் பகலில் ஓட்டினார். ஏசி இல்லை, படம் இல்லை, டிக்கெட் பாதி விலை. ஒரு பைக்கு மேல் கொண்டுவந்தால் மட்டும் தனிக் காசு. சனம் சிரித்தது. பாதி சீற் காலி. இன்னும் ஒரு மாதம் இப்படிப் போனால் பஸ்ஸை விற்கவேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து மாமியார் நேசமலர் தன் பையோடு ஒரு சாக்கு ரம்புட்டான் பழத்தையும் கொண்டு ஏறினார். கொழும்பிலிருந்து வெறுங்கையோடு ஊருக்குப் போகலாமா?

“மாமி, சாக்குக்குக் காசு.”

“மகளைத் தந்தனான், வீடும் தந்தனான். அதுக்குக் காசு கேட்டனானே, தம்பி?”

“இதில அரைவாசிப் பேர் எனக்குச் சொந்தம், மாமி. உங்களைச் சும்மா விட்டா எல்லாரையும் சும்மா விடவேணும்.”

“ஓம், சாக்கு இருந்தாத்தானே காசு!”

மாமி சாக்கை அவிழ்த்து, சீற் சீற்றாகப் பங்கு வைத்தார். பஸ் கொழும்பை அடுத்த பேலியகொடையைத் தாண்டுமுன் சாக்கு காலி. பஸ் முழுக்கத் தோல்.

மற்ற பஸ்ஸில் சும்மா தருவது ஒரு போத்தல் தண்ணீர், இந்த பஸ்ஸில் கை நிறைய ரம்புட்டான் என்று வெள்ளவத்தையில் கதை பரவியது. அடுத்த கிழமை ஒரு சீற்றும் மிச்சமில்லை. மருமகன் தானே ஒரு சாக்கு ரம்புட்டான் வாங்கிக்கொண்டு மாமியைக் கூப்பிடப் போனார்.

“வாறன், தம்பி,” என்றார் மாமி. “பங்கு வைக்கிறதுக்குத் தனிக் காசு.”